உடம்பு மரத்தாச்சு, பயத்துக்கு எந்த மருந்து?

குடலிறக்கம், தொடை எலும்பு முறிவுக்கு ஆபரேஷன் என்றால் பெரும்பாலும் முதுகில் ஊசிதான். தண்டுவடம் முடியும் இடத்துக்குக் கீழே, நரம்புகளைச் சூழ்ந்த திரவத்தில் 2, 3 மில்லி பூபிவக்கேன் என்ற மரப்பு மருந்தை விடுவார்கள். சில நிமிடங்களில் கால் மரத்துவிடும். வலி தெரியாது. ஆனால் காது கேட்கும். இடுப்பெலும்பு ஒடிந்த தண்டையார்பேட்டைப் பாட்டிக்கு எலும்பில் துளை போடும் சத்தம் தெளிவாகக் கேட்கும். அந்தப் பயத்துக்காகத்தான் தூக்க மருந்து.

இதில் பலருக்குத் தெரியாத ஒன்று: முதுகு ஊசியே கொஞ்சம் தூங்க வைக்கும். உடம்பிலிருந்து ஓயாமல் போகும் உணர்வுச் செய்திகளும் சேர்ந்துதான் மூளையை விழிப்பாக வைத்திருக்கின்றன. பாதி உடம்பிலிருந்து வரத்து நின்றால் கண் சொக்கும். அதனால் தூக்க மருந்து வழக்கத்தைவிடக் குறைந்த அளவே போதும்.

மிடாசோலம் பழகிய மருந்து. மூளையின் நரம்பணுக்களை அமைதிப்படுத்தும் காபா என்ற வேதிப்பொருளின் வேலையை அது வலுப்படுத்துகிறது. 1, 2 மில்லிகிராமிலேயே பதற்றம் அடங்கும். அதன்பின் நடப்பது நினைவில் பதியாமலும் போகலாம். வயதானவர்களுக்கு மட்டும் யோசித்துத் தர வேண்டும். ஆபரேஷனுக்குப் பிறகு இடம் ஆள் தெரியாமல் குழம்பக்கூடும்.

பால்போல் வெள்ளையாக இருக்கும் புரோபோஃபால் சட்டென்று தூங்க வைக்கும், நிறுத்தினால் சீக்கிரம் தெளியும். சிக்கல் என்னவென்றால், முதுகு ஊசி ஏற்கெனவே ரத்தக்குழாய்களைத் தளர்த்தி பிரஷரை இறக்கியிருக்கும். இது இன்னும் இறக்கும். அளவு சற்றுக் கூடினாலும் தொண்டைத் தசை தளர்ந்து மூச்சுப்பாதை அடைபடும். குறட்டை விடுபவர்களுக்கு இந்த ஆபத்து அதிகம்.

டெக்ஸ்மெடிடோமிடின் வேறு ரகம். மூளைத்தண்டில் விழிப்பைத் தூண்டும் ஒரு சிறு நரம்பணுத் தொகுதியை அது தணிக்கிறது. இயல்பான தூக்கம்போல இருக்கும், "ஐயா, வலிக்குதா?" என்று தோளைத் தட்டினால் கண் திறந்து பதில் சொல்வார். மூச்சை அதிகம் அடக்காது என்பதே இதன் பெரிய பலம். முதல் அளவை 10 நிமிடமாவது ஏற்றுவார்கள். ஆனால் நாடி குறையும். முதுகு மருந்தின் மரப்பு மார்பின் மேற்பகுதி வரை ஏறினால், இதயத்தை வேகப்படுத்தும் நரம்புகளும் அடங்கிவிடும். இரண்டும் சேர்ந்தால் நாடி அபாயகரமாக இறங்கலாம். அட்டெனோலால் போன்ற, நாடியைக் குறைக்கும் பிரஷர் மாத்திரை சாப்பிடுபவருக்கு இதைக் கட்டாயம் கணக்கில் எடுக்க வேண்டும்.

சிசேரியனில் நிலைமை வேறு. மருந்து நஞ்சுக்கொடி வழியாகப் பிள்ளைக்கும் போகும் என்பதால், பிள்ளையை எடுக்கும்வரை கூடியமட்டும் எதுவும் தர மாட்டார்கள். பக்கத்தில் நின்று பேசும் நர்ஸின் குரல்தான் அங்கே மருந்து.

எதைக் கொடுத்தாலும் மூச்சைக் கண்காணிக்க வேண்டும். ரத்தத்தின் ஆக்சிஜன் அளவைக் காட்ட விரலில் மாட்டும் கருவியை மட்டும் நம்புவது சரியல்ல என்பேன். ஆக்சிஜன் முகமூடி போட்டிருந்தால், மூச்சு தடைபட்ட பிறகும் அந்த எண் கொஞ்ச நேரம் நன்றாகவே காட்டும். வெளிவிடும் கார்பன் டை ஆக்சைடைக் காட்டும் அலைக்கோடு முன்கூட்டியே படுத்துவிடும்.

அப்புறம், குடிப்பழக்கம். காசிமேட்டில் வலை இழுக்கும் ஒருவர் தினமும் குடிப்பதை மறைத்தால், வழக்கமான மிடாசோலம் அவருக்குப் போதாமல் போகலாம். குடி நிறுத்தியதால் வரும் கைநடுக்கத்தைப் பயம் என்று டாக்டர் நினைத்துவிடக்கூடும். வீட்டார் முன்னால் சொல்லக் கூச்சமாக இருந்தால், முந்தைய நாள் பார்க்க வரும் மயக்க மருத்துவரிடம் தனியாகச் சொல்லிவிடலாம்.