எர்த்: காருக்குள் தரையைத் தேடாதீர்கள்

"கருப்பு வயரைத் தரையுடன் இணைக்கவும்." கார் ஸ்டீரியோ பெட்டிக்குள் மடித்து வைக்கும் தாளில் தமிழ்ப் பகுதி என்று ஒன்று இருந்தால் இந்த வரியும் இருக்கும். காணொளிகளுக்கு அடியில் ஓடும் தமிழ் வரிகளிலும் இதேதான். ஆங்கிலத்தின் 'எர்த்', 'கிரவுண்ட்' என்பதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்த தரை இது. காரில் தரை என்பது எது? நான்கு ரப்பர் டயர்களுக்குக் கீழே கிடக்கும் தார்ச்சாலையா? காலடியில் மிதியடி விரித்த தகடா? முதலாவது நடக்காத காரியம் என்பதால் பலரும் இரண்டாவதைப் பிடித்துக்கொண்டு, சீட் போல்ட்டில் வயரைச் சுற்றி முடுக்கிவிடுகிறார்கள். 1960களின் மோரிஸ் மைனரில் அந்த இடத்தில் இருப்பது பெயின்ட், அதன் மேல் தார்ப்பூச்சு, இரண்டுக்கும் நடுவே துரு. ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்க ஸ்பீக்கரில் 'ஙொய்ய்' என்று ஏறும் இரைச்சலுக்குப் பாதிக் காரணம் அந்த முடிச்சு. மீதிப் பாதிக்கு அந்தச் சொல்லும் பொறுப்பு.

சொல் வந்த கதை சிறியது. தந்தி வந்த புதிதில் போக ஒரு கம்பி, திரும்ப ஒரு கம்பி என்று இரண்டு இழுத்தார்கள். 1838-இல் மியூனிக்கில் ஸ்டைன்ஹைல் என்பவர், திரும்பும் கம்பிக்குப் பதிலாக மண்ணையே பயன்படுத்தலாம் என்று காட்டினார். ஆக 'எர்த்' அப்போது உண்மையிலேயே மண்தான், மின்சாரம் திரும்பிவரும் மண். பிறகு வீட்டு வயரிங்கில் அது பாதுகாப்புக்கான இணைப்பாக மாறியது. காரில் இரும்பு உடலே திரும்பும் வழி ஆனபோது, மண் இல்லாமலேயே பெயர் மட்டும் தொடர்ந்தது. பிரிட்டனில் எர்த், அமெரிக்காவில் கிரவுண்ட். நமக்கு இரண்டும் வந்து சேர்ந்தன. சென்னையில் கிரவுண்ட் என்றால் 2400 சதுர அடி மனை என்பது வேறு விஷயம்.

தமிழில் இதற்குப் புழங்கும் சொற்களில் புவித்தொடுப்பு பாடநூல் சொல், நல்ல சொல்லும்கூட. வீட்டுச் சுவருக்கு வெளியே குழி தோண்டி, உப்பும் கரியும் போட்டு, குழாய் இறக்குகிறோமே, அதற்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடையாது. ஆனால் அந்தச் சொல் வீட்டுப் பொருளையும் தூக்கிக்கொண்டுதான் காருக்குள் வருகிறது. வீட்டில் எர்த் வயரில் மின்சாரம் ஓடக் கூடாது. கசிவு ஏற்பட்டால் மட்டும் ஓடும். 'பிரிட்ஜ்ல எர்த் அடிக்குது' என்று மக்கள் சொல்வதும் அந்தக் கசிவைத்தான். காரிலோ எர்த்தில் எப்போதும் மின்சாரம் ஓடும். ஹெட்லைட்டுக்குப் போன ஒவ்வொரு ஆம்பியரும் அதன் வழியாகத்தான் வீடு திரும்பியாக வேண்டும். நம் ஊர் வீட்டு வயரிங்கில் கருப்பு நியூட்ரல், பச்சை எர்த். பழைய பிரிட்டிஷ் கார்களில் கருப்புதான் எர்த். வேலையைப் பார்த்தால் கார்க் கருப்பு வீட்டுக் கருப்புக்குத்தான் உறவு, பச்சைக்கு அல்ல. புவித்தொடுப்பு என்று படித்து வளர்ந்தவர் காரின் எர்த்தை 'பாதுகாப்புக்கு ஒரு வயர், எங்கே மாட்டினாலும் சரி' என்று நினைத்தால் அவரைக் குறை சொல்ல முடியாது.

'தரை'யை எதிர்க்க இதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. தரை என்றாலே மைனஸ் என்று மனதில் பதிந்துவிடுகிறது. 1960களின் நடுப்பகுதி வரை வந்த பிரிட்டிஷ் கார்கள் பலவற்றில் பேட்டரியின் பிளஸ் முனைதான் உடலோடு சேர்ந்திருந்தது. எம்ஜிபி ஸ்போர்ட்ஸ் கார் 1967-இன் இறுதியில், பேட்டரிக்கு மின்னேற்றும் டைனமோவுக்குப் பதில் ஆல்டர்நேட்டர் வந்தபோதுதான் மாறியது. யாழ்ப்பாணத்தில் இன்றும் ஓடும் மோரிஸ், ஆஸ்டின் வண்டிகளில் கைபடாத ஒன்று கிடைத்தால், முதலில் பார்க்க வேண்டியது பேட்டரியின் எந்த முனையிலிருந்து பட்டை உடலுக்குப் போகிறது என்பதை. பிளஸ் என்றால், புது ஸ்டீரியோவின் கருப்பு வயரைத் 'தரையுடன்' இணைப்பது மைனஸைப் பிளஸோடு முட்டவிடுவது. வயரைத் தனியே பிரித்துவைத்தாலும் ஆபத்து தீராது. ஸ்டீரியோவின் உலோகக் கூடே மைனஸ். ஏரியல் வயரின் வெளிப்பின்னல் அந்தக் கூட்டோடு சேர்ந்தது. ஏரியலை மட்கார்டில் திருகிய நொடியில் பின்னல் புகையும். இதற்கு வழி இரண்டே. உள்ளும் வெளியும் மின்தொடர்பு இல்லாத டிசி-டிசி கன்வெர்ட்டர் வைத்து, அதன் வழியாக ஸ்டீரியோவுக்கு மின்சாரம் கொடுப்பது ஒன்று. வண்டியையே மைனஸ் எர்த்துக்கு மாற்றுவது மற்றொன்று.

மாற்றுவது அப்படியொன்றும் கடினமில்லை. பேட்டரி முனைகளில் உள்ள வயர்களை இடம் மாற்றுங்கள். இக்னிஷன் காயிலின் இரண்டு சிறு வயர்களை இடம் மாற்றுங்கள். மாற்றாவிட்டால் வண்டி ஓடும், ஆனால் தீப்பொறி பலவீனமாக இருக்கும். டைனமோவின் எஃப் என்ற சிறிய முனையிலிருந்து வயரைக் கழற்றி, பேட்டரியில் வண்டியின் உடலோடு சேராத முனையிலிருந்து ஒரு வயரால் எஃப் முனையை ஒரு நொடி தொட்டு எடுங்கள். காந்தத் துருவம் திரும்பிவிடும். இதை இன்ஜினைக் கிளப்புவதற்கு முன் செய்ய வேண்டும். அம்மீட்டர் இருந்தால் அதன் வயர்களையும் மாற்ற வேண்டும். எஸ்யூ நிறுவனத்தின் மின் பெட்ரோல் பம்பில் பிற்காலத்தில் டயோடு (மின்சாரத்தை ஒரே திசையில் விடுவது) வைத்திருந்தால் அது எந்தத் திசைக்கானது என்று பார்க்காமல் மின்சாரம் கொடுக்காதீர்கள்.

'உடலிணைப்பு' என்கிறார்கள் சிலர். ஒர்க்‌ஷாப்பில் வழங்கும் 'பாடி எர்த்' என்பதன் தமிழ். தரையைவிட ஆயிரம் மடங்கு மேல். கை எங்கே போக வேண்டும் என்றாவது சொல்கிறது. ஆனால் லோட்டஸ் எலான், ரிலையன்ட் சிமிட்டார் போன்றவற்றின் உடல் ஃபைபர் கிளாஸ். அங்கே உடலில் வயரைத் திருகினால் ஒன்றும் நடக்காது. சேஸிஸுக்கோ பேட்டரிக்கோ தனி வயர் போக வேண்டும். 'பொது முனை' என்பது மின்னணுவியல்காரர்களின் விருப்பம். சர்க்யூட் போர்டுக்குப் பழுதில்லை. ஆனால் முனை என்றதும் எல்லாம் ஒரே புள்ளி, எங்கும் ஒரே வோல்டேஜ் என்ற எண்ணம் வந்துவிடுகிறது. ஸ்டீரியோ இரைச்சலின் வேரே அந்த எண்ணம்தான்.

என் தேர்வு மீள்வழி. மின்சாரம் பேட்டரிக்கு மீளும் வழி. இரும்பு உடலானாலும் செப்புப் பட்டையானாலும் தனி வயரானாலும் பொருந்தும். ஸ்டைன்ஹைலின் மண்ணுக்கும் பொருந்தும் என்பது கூடுதல் லாபம். 'பிளஸ் எர்த் வண்டியில் உடல் வழியாக மின்சாரம் போகிறதே தவிர மீளவில்லையே' என்று கேட்கலாம். பிளஸிலிருந்து மைனஸுக்கு என்பது நாம் எழுதும் மரபு. எலக்ட்ரான்கள் ஓடுவது எதிர்த்திசையில். அந்தக் கணக்கில் பிளஸ் எர்த் வண்டியில்தான் உடல் அசல் மீள்வழி. எழுதும்போது இப்படி இருக்கட்டும்: 'கருப்பு வயரை, பேட்டரியின் மைனஸ் முனைக்குச் செல்லும் மீள்வழியில், பெயின்ட் சுரண்டிய வெற்று உலோகத்தில் இணைக்கவும்.' நீளம்தான். ஆனால் வண்டி பற்றி எரியாது.

இந்தச் சொல்லின் உண்மையான பயன் 'கிரவுண்ட் லூப்' வரும்போது தெரியும். அதைத் தரை வளையம் என்கிறார்கள். புவி வளையம் என்றும் பார்க்க முடிகிறது. சனிக்கோளுக்குப் போட்டியாக ஏதோ என்று தோன்றும். இரண்டும் காரணத்தைச் சொல்லவில்லை. இரட்டை மீள்வழி என்று சொல்லிப் பாருங்கள், காரணம் பெயரிலேயே வந்துவிடும். ஸ்டீரியோவுக்கு டாஷ்போர்டின் அடியில் ஒரு மீள்வழி, டிக்கியில் உள்ள ஆம்ப்ளிஃபையருக்கு அங்கேயே இன்னொன்று. இரண்டு பெட்டிகளையும், பாட்டைக் கொண்டுபோகும் ஆர்சிஏ கேபிளின் வெளிப்பின்னல் சேர்க்கிறது. லூகாஸ் சி40 டைனமோ 22 ஆம்பியர் வரை தரும். வழியில் ஒரு துருப்பிடித்த இணைப்பு ஆயிரத்தில் ஒரு ஓம் தடை கொடுத்தால்கூட 22 மில்லிவோல்ட் வித்தியாசம் எழும். அந்த வித்தியாசம் பின்னல் வழியாக ஓடி, பாட்டோடு சேர்ந்து ஆம்ப்ளிஃபையருக்குள் போகும். ஆர்சிஏ கேபிளில் வரும் பாட்டே ஒரு வோல்ட் அளவுதான். நூறில் ஒரு பங்கு, அதாவது 10 மில்லிவோல்ட் கலந்தாலே பாட்டின் மெல்லிய இடங்களில் 'ஙொய்ய்' தெளிவாகக் கேட்கும்.

தீர்வும் பெயரில் இருக்கிறது: இரண்டை ஒன்றாக்கு. ஸ்டீரியோவின் மீள்வழி வயரை ஆம்ப்ளிஃபையரின் மீள்வழிப் புள்ளிக்கே கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். ஆம்ப்ளிஃபையரின் மீள்வழி வயர் அதன் பிளஸ் வயரின் அதே தடிமனில், அரை மீட்டருக்கு மிகாமல் இருக்கட்டும். பெயின்டைச் சுரண்டி உலோகம் பளிச்சென்று தெரிந்த பிறகு, பல்வாஷர் வைத்து முடுக்கி, மேலே வாசலின் தடவுங்கள். பிளஸ் வயர் வண்டியின் ஒரு பக்கமும் ஆர்சிஏ மறுபக்கமும் ஓட வேண்டும். பிளஸ் வயரில் பேட்டரியிலிருந்து 45 சென்டிமீட்டருக்குள் ஃபியூஸ் கட்டாயம். 'லூப் ஐசொலேட்டர்' என்று கடையில் விற்கும் சிறு டப்பா, உள்ளே ஒரு டிரான்ஸ்ஃபார்மர். மலிவானது இரைச்சலோடு பேஸையும் தின்றுவிடும். கடைசி முயற்சியாக வைத்துக்கொள்ளலாம்.

மீள்வழி சரியா என்று அறிய மல்டிமீட்டர் போதும். ஹெட்லைட், ஹீட்டர் ஃபேன் இரண்டையும் போட்டுவிட்டு, பேட்டரியில் உடலோடு சேரும் முனையின் ஈயத்தில் ஒரு முள்ளும் ஸ்டீரியோக் கூட்டில் இன்னொன்றும் வையுங்கள். கிளாம்ப்பில் அல்ல, முனையிலேயே. 0.1 வோல்ட்டைத் தாண்டினால் வழியில் கோளாறு. அடுத்து இன்ஜின் பிளாக்குக்கும் அதே முனைக்கும் இடையே, செல்ஃப் அடிக்கும்போது பாருங்கள். இன்ஜின் ரப்பர் மவுண்ட்மேல் உட்கார்ந்திருப்பதால் அதற்கென்று ஒரு பின்னல் பட்டை உண்டு. அது அறுந்த வண்டியில் செல்ஃபின் மின்சாரம் சோக் கேபிள் வழியாக மீளும், கேபிள் கொதிக்கும். 'தரை' என்று கற்றவருக்கு இது மர்மம். மீள்வழி என்று கற்றவர் நேராகப் பட்டையைப் பார்ப்பார்.

எல்லா இரைச்சலுக்கும் மீள்வழிதான் காரணம் என்று சொல்லவில்லை. முதலில் ஏரியலைக் கழற்றுங்கள். இரைச்சல் நின்றால் அது காற்று வழியாக வந்தது, இக்னிஷனைச் சந்தேகிக்கலாம். இன்ஜின் வேகத்தோடு சேர்ந்து 'டக்டக்' என்றாலும் அதேதான். செம்புக் கம்பி பிளக் வயர்களை எடுத்துவிட்டு கார்பன் வயர் போடுங்கள். அல்லது என்ஜிகே பிபி6இஎஸ் பிளக்குக்குப் பதில் நடுவில் ஆர் சேர்ந்த பிபிஆர்6இஎஸ். உள்ளே 5 கிலோ ஓம் ரெசிஸ்டர் இருக்கிறது. ஏரியலின் அடிப்பகுதி மட்கார்டின் வெற்று உலோகத்தைக் கவ்வியிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். இன்ஜின் நின்ற நிலையில் சாவியைத் திருப்பியதும் டிக் டிக் கேட்டால் எஸ்யூ பம்ப். வேகத்தோடு சுருதி ஏறினால் டைனமோ. ஃபேன் பெல்ட்டைக் கழற்றி ஒரு நிமிடம் மட்டும் ஓட்டினால் உறுதியாகிவிடும். ஒரு நிமிடத்துக்கு மேல் வேண்டாம், வாட்டர் பம்பும் அதே பெல்ட்டில்தான் ஓடுகிறது.

டைனமோவுக்கும் காயிலுக்கும் வைக்கும் 1 மைக்ரோஃபாரட் கண்டென்சரைத்தான் 'நாய்ஸ் சப்ரஸர்' என்பது. இதை 'ஒலி அடக்கி' என்று மொழிபெயர்த்தவர் புகைபோக்கியில் மாட்டும் சைலன்சரை எங்கே கொண்டுபோய் வைப்பார் என்று தெரியவில்லை. இரண்டுமே ஒரே வண்டியில் இருக்கின்றன. ஒலி என்பது காதுக்கு வருவது. வயரில் கலப்பது மின் இரைச்சல். இரைச்சல் என்ற சொல் நம்மிடம் ஏற்கெனவே இருக்க, 'ஒலி மாசு', 'சத்தக் குறைப்பான்' என்றெல்லாம் அலைவது ஏன்? பொருளைப் பார்க்காமல் ஆங்கிலச் சொல்லுக்குப் பக்கத்தில் அகராதி போட்டதை எடுத்து ஒட்டுகிறார்கள். இரைச்சல் வடிப்பி என்றால் போதும். கண்டென்சர் என்றே விட்டாலும் கோபமில்லை. கடையில் கேட்டால் கிடைக்கும்.

அதை மாட்டும்போது கவனம். டைனமோவில் டி என்ற பெரிய முனைக்கும் டைனமோ உடலுக்கும் இடையே மாட்ட வேண்டும். எஃப் என்ற சிறிய முனையில் மாட்டினால், டைனமோவைக் கட்டுப்படுத்தும் கண்ட்ரோல் பாக்ஸின் பாயிண்டுகள் கருகும். காயிலில் சாவியிலிருந்து மின்சாரம் வரும் எஸ்டபிள்யூ முனையில். டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் சிபி முனையில் வைத்தால் தீப்பொறி செத்து, இன்ஜின் இழுக்காது. கண்டென்சரின் தகரக் கூடே அதன் இன்னொரு கால் என்பதால், அதைத் திருகும் இடத்திலும் பெயின்ட் இருக்கக் கூடாது.