பொறியியல்: எலிப்பொறிக்குள் இருக்கும் சொல்

பென்னாகரம் பக்கம் ஓர் அரசு நடுநிலைப் பள்ளி. ஏழாம் வகுப்பிலேயே பொறியியலைத் தொடங்கலாம் என்று ஆசிரியர்களிடம் சொன்னேன். "அதெல்லாம் செட்டிக்கரை காலேஜுக்குப் போய்ப் படிக்கறதுங்க சார்" என்றார் ஒருவர், அங்கிருக்கும் அரசு பொறியியல் கல்லூரியை மனதில் வைத்து. அவரைச் சொல்லிக் குற்றமில்லை. இன்ஜினியரிங் என்றாலே நமக்குக் காலேஜ், மோட்டார், கான்கிரீட்.

இன்ஜினியரிங் என்ற சொல்லின் வேர் லத்தீன் மொழியின் 'இன்ஜெனியம்'. பிறவியிலேயே அமைந்த கூர்மதி என்று பொருள். அந்த மதியால் செய்த கருவிக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டு, பழைய பிரெஞ்சு வழியாக 'எஞ்சின்' ஆனது. அன்றைக்கு ஏது டீசல்? கோட்டை மேல் கல்லெறியும் போர்க்கருவிதான் எஞ்சின், அதைச் செய்தவர் இன்ஜினீயர். பாலமும் கால்வாயும் கட்டியவர்கள் படைக்காரர்களிடமிருந்து தங்களைப் பிரித்துக்காட்ட, 18ஆம் நூற்றாண்டில் 'சிவில்' என்று முன்னால் சேர்த்துக்கொண்டார்கள்.

தமிழில் 'பொறி'க்குப் பல பொருள். தீப்பொறி, ஐம்பொறி, கொடியில் பொறித்த புலி எல்லாம் உண்டு. பொறியியலில் இருப்பது எலிப்பொறியின் பொறி: ஒரு காரியம் நடக்க யோசித்துச் செய்த அமைப்பு. இந்தப் பொறியும் போருக்குப் போயிருக்கிறது. சிலப்பதிகாரம் மதுரை மதிலின் காவல் கருவிகளை அடுக்கும்போது முதலில் வருவது 'வளைவிற் பொறி', தானே வளைந்து அம்பெய்யும் வில். சீவக சிந்தாமணியில் அரசி விசயை தப்பிப்பது மயிற்பொறியில், அதாவது மயில் வடிவில் செய்த பறக்கும் பொறியில்.

சிலர் 'எந்திரவியல்' என்று எழுதுகிறார்கள். எந்திரமும் பழைய சொல்தான். புறநானூற்றிலேயே கரும்பு ஆட்டும் எந்திரம் சத்தம் போடுகிறது. ஆனால் அது மெக்கானிக்கல் என்ற ஒரு கிளைக்குத்தான் சரி. மொத்தத் துறைக்கும் பொறியியல்தான். பொறிக்கு மோட்டார் வேண்டியதில்லை, பல்சக்கரம் வேண்டியதில்லை. வகுப்பறைக்கு இதைவிட வசதியான சொல் எது?

அப்புறம், அன்றைக்கே செய்து பார்த்தோம். ஒகேனக்கல் பரிசல் மாதிரி ஒன்று. மூங்கில் பத்தைக்குப் பதில் துடைப்பக் குச்சி, மேலே பிளாஸ்டிக் தாள், சரக்குக்குப் புளியங்கொட்டை. தண்ணீர்த் தொட்டியில் மூழ்காமல் எத்தனை கொட்டை தாங்கும் என்பதுதான் கேள்வி. பொருள் ஏன் மிதக்கிறது என்பது அறிவியல் பாடம். கையில் இருக்கும் குச்சியையும் தாளையும் வைத்து இன்னும் பத்துக் கொட்டை ஏற்றுவது பொறியியல். உடைந்தால் தப்பில்லை, எங்கே உடைந்தது என்று பார்த்து மாற்றிக் கட்ட வேண்டும். ஆசிரியர்களுக்குச் சிரமமாக இருந்தது கட்டுவது இல்லை, விடையைச் சொல்லாமல் வாயை மூடிக்கொண்டு நிற்பது.

பையன்கள் படகு மாதிரி கூராகக் கட்டினார்கள். நாற்பதாவது கொட்டையில் ஒரு பக்கம் சாய்ந்து கவிழ்ந்தது. பரிசல் ஓட்டுபவரின் மகள் ஒருத்தி பொறுமையில்லாமல் எழுந்து வந்தாள். "கூரா வெச்சா கவுந்துதான்டா போகும். வட்டமா, அடி தட்டையா கட்டுங்க. கொட்டைய நடுவுல போடாம சுத்தி வைங்க."

செட்டிக்கரையைச் சொன்ன ஆசிரியர் குனிந்து கொட்டைகளை எண்ண ஆரம்பித்திருந்தார்.