சங்கதி குறைந்தால் தப்பா?

என்னிடம் பாட்டுக் கற்கும் ஒரு பையனின் அப்பா போன வாரமும் போனில் ஒரு தியாகராஜர் கீர்த்தனைப் பதிவோடு வந்தார். பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கத்துக்காரர். "டீச்சரே, இந்தப் பதிவுல பல்லவிக்கு ஏழு சங்கதி இருக்கு. நீங்க அஞ்சுதான் சொல்லிக் கொடுத்திருக்கீங்க. ஒரிஜினல் எது?" சங்கதி என்றால் ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாடும்போது மெருகேற்றி மாற்றிப் பாடும் விதம். இந்த வருஷம் இது எத்தனையாவது ஆள் என்று எண்ணுவதையே விட்டுவிட்டேன்.

ஒரிஜினல் என்று ஒரு பதிவு கிடையாது சார். தியாகராஜர் மறைந்தது 1847இல். எடிசன் ஒலிப்பதிவுக் கருவியைச் செய்தது 1877இல். நடுவில் அந்தக் கீர்த்தனைகளைக் காப்பாற்றியவர்கள் சீடர்கள். வாலாஜாபேட்டை, உமையாள்புரம், தில்லைஸ்தானம் என்று கிளை பிரிந்த பாடாந்தரங்களில் (குரு வழி வந்த பாட முறைகளில்) சங்கதி கூடும், குறையும், எடுப்புகூட (வரி தாளத்தில் தொடங்கும் இடம்கூட) மாறும். ஐந்தும் சரி, ஏழும் சரி.

பழைய இசைத்தட்டை வைத்துச் சண்டைக்கு வருகிறவர்களுக்கு இன்னொன்று. ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய 3 நிமிடம்தான். அதற்குள் அடக்க வேண்டும் என்று சங்கதிகளை வெட்டி, வேகத்தைக் கூட்டிப் பாடியிருப்பார்கள். அதே வித்வான் கச்சேரியில் அதே பாட்டை நிரவல் (ஒரு வரியைக் கற்பனையாக விரிப்பது), ஸ்வரத்தோடு (ச ரி க ம என்று கற்பனையாகப் பாடுவது) அரை மணி நேரம் விரித்திருப்பார்.

நம் பாலக்காட்டையே பாருங்கள். செம்பை வைத்தியநாத பாகவதரின் குரல் கணீரென்று எட்டும். மஞ்சப்ராவில் பிறந்த எம்.டி. ராமநாதனோ கீழ்ச் சுருதியில், தேர் நகர்வது போல நிதானமாகப் பாடுவார். இதில் யாருக்கு மார்க் குறைப்பீர்கள்?

எனக்கு உண்மையில் கவலை சங்கதியில் இல்லை, சுருதியில். அந்த அப்பா பதிவோடு ஒத்துப்போக வேண்டுமென்று பதிமூன்று வயதுப் பையனை அரைக் கட்டை (ஹார்மோனியத்தில் அடுத்த சாவி அளவு) ஏற்றிப் பாட வைத்திருக்கிறார். குரல் உடைகிற வயசு. தொண்டை கட்டிப்போய் வந்து நிற்கிறான். இசைத்தட்டையோ டேப்பையோ ஆறு சதவீதம் வேகமாக ஓட்டினாலே அரைக் கட்டை ஏறிவிடும். நீங்கள் கேட்பது வித்வானின் சுருதிதானா, மெஷினின் சுருதியா?

ஒப்பிட்டுக் கேட்பது நல்ல பழக்கம்தான், கேளுங்கள். முதலில் யாருடைய பாடாந்தரம், கச்சேரியா ஸ்டூடியோவா என்று பாருங்கள். ஒரே வித்வானின் இரண்டு பதிவுகளை அடுத்தடுத்துப் போட்டுப் பாருங்கள், அவரே அவரோடு ஒத்துப்போக மாட்டார். பையன் பாட வேண்டியது அவன் சுருதியில். குரல் கட்டினால் அன்று சாதகம் (பாட்டுப் பயிற்சி) வேண்டாம். பத்து நாளாகியும் சரியாகவில்லை என்றால் காது மூக்கு தொண்டை டாக்டர், கஷாயம் அல்ல.

ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்குப் பையன் மட்டும் வரட்டும். போன் வேண்டாம்.