மண்டை வெடித்திருக்கிறதா என்று ஸ்கான் எப்படிக் கண்டுபிடிக்கிறது?

இரவில் ஏ9 வீதியில் கட்டாக்காலி மாட்டோடு மோட்டார் சைக்கிள் மோதி, தலை அடிபட்டவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால், "ஒரு எக்ஸ்ரே காணாதா?" என்று கூட வந்தவர்கள் கேட்பார்கள். காணாது. எக்ஸ்ரேயில் தலையின் முன்பக்கமும் பின்பக்கமும் ஒன்றன்மேல் ஒன்றாக விழுவதால் மெல்லிய வெடிப்பு அதற்குள் தொலைந்துபோகும், உள்ளே கசிந்த இரத்தமோ தெரியவே தெரியாது.

சி.ரி. ஸ்கானிலும் அதே கதிர்தான். ஆனால் அங்கே கதிரை அனுப்பும் குழாய் தலையைச் சுற்றிச் சுழன்று எல்லாக் கோணத்திலும் அளக்க, கணினி அதைக் கணக்குப் போட்டு மெல்லிய துண்டங்களாகப் படமாக்கி, ஒவ்வொரு புள்ளியும் கதிரை எவ்வளவு தடுக்கிறது என்பதற்கு ஓர் எண்ணும் கொடுக்கிறது: காற்று -1000, தண்ணீர் 0, மூளை 30 - 40, உறைந்த புது இரத்தம் 60 - 70 அளவில், கெட்டி எலும்பு 1000 பக்கம். 1971இல் லண்டனில் முதல் நோயாளியின் தலையைப் படமெடுத்த கருவியை உருவாக்கிய ஹவுன்ஸ்ஃபீல்டின் பெயரைத்தான் இந்த அளவுக்கு வைத்திருக்கிறார்கள்.

சரி, எலும்பில் ஒரு கறுப்புக் கோடு தெரிகிறது. அது வெடிப்புத்தானா? இங்கேதான் வேலை இருக்கிறது. மண்டையோட்டு எலும்புகள் பொருந்தும் இடங்களும் கோடாகத்தான் தெரியும், ஆனால் அவை நெளிந்து நெளிந்து, இரண்டு பக்கமும் ஒரேமாதிரி, ஓரத்தில் வெள்ளைக் கரையோடு இருக்கும். வெடிப்பு பெரும்பாலும் நேராக ஓடும், ஓரம் கூராக இருக்கும், மேல்தோலும் அந்த இடத்தில் வீங்கியிருக்கும். துண்டம் வெட்டும் திசையிலேயே வெடிப்பும் ஓடினால் கண்ணுக்குத் தப்பிவிடும் என்பதால், அதே அளவீடுகளை முன்பக்கத்திலிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் வெட்டி, முப்பரிமாணமாகவும் பார்ப்பார்கள். சிலவேளை கோடே தெரியாது, ஆனால் மண்டைக்குள் இருக்கக்கூடாத ஒரு காற்றுக்குமிழ் தெரியும். மூக்கையோ காதையோ ஒட்டி எங்கோ எலும்பு திறந்துவிட்டது என்று அதிலிருந்தே ஊகிக்கலாம்.

உண்மையில் பயம் கோட்டைப் பற்றியல்ல. கன்னப்பொறிக்குள் எலும்பு மெல்லியது, அதன் உட்புறத்தை ஒட்டி ஒரு நாடி ஓடுகிறது. அது கிழிந்தால், வந்தபோது நன்றாகக் கதைத்தவர் சில மணித்தியாலத்தில் நினைவிழக்கலாம். ஸ்கானில் அந்த இரத்தம் இருபக்கமும் குவிந்த வில்லை வடிவில் வெள்ளையாகத் தெரியும்.

காந்தத்தால் படமெடுக்கும் எம்.ஆர்.ஐ ஸ்கான் இதற்குச் சரிவராதா என்றால், அது கெட்டி எலும்பைச் சரியாகக் காட்டாது. அதைவிட, வன்னியில் பலரின் உடம்பில் இன்னும் பழைய ஷெல் சன்னங்கள் இருக்கின்றன. சி.ரி.யில் அவை படத்தைக் கோடுகோடாகக் குழப்பும், அவ்வளவுதான். எம்.ஆர்.ஐ காந்தத்துக்குள் இரும்புத் துண்டு அசையக்கூடும். ஆகவே சன்னம் இருந்தால், கேட்காவிட்டாலும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.