ஓடைப் படுகையின் கற்களை ஏன் எண்ணுகிறார்கள்?

நகர ஓடையைச் சீரமைக்கும் முன் நீரைப் பரிசோதித்தால் போதாதா என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். போதாது. ஒரு குடுவை நீர் அது எடுக்கப்பட்ட நேரத்து நிலையை மட்டுமே காட்டும். முந்தைய இரவு கலந்த கழிவு அதற்குள் வெகுதூரம் போயிருக்கும். ஆகவே ஆய்வாளர்கள் ஓடை நெடுக நடந்து, மழையில்லா நாளிலும் நீர் வழியும் குழாய் வாய்களையும் சரிந்த கரைகளையும் குறித்துக்கொண்டு, ஓடையின் குறுக்குவெட்டை அளந்து, கரைந்துள்ள ஆக்சிஜனையும் மின்கடத்துதிறனையும் கருவியால் பார்க்கிறார்கள். இவை எல்லாவற்றையும்விட என்னை ஈர்ப்பது, ஓர் அளவுகோல் மட்டுமே தேவைப்படும் கல் எண்ணும் முறை.

இதை 1954இல் அமெரிக்க நிலவியல் அறிஞர் கார்டன் வோல்மன் விவரித்தார். ஆய்வாளர் ஒரு கரையிலிருந்து மறுகரைக்கு நடக்கிறார். ஒவ்வோர் அடிக்கும் முகத்தைத் திருப்பிக்கொண்டு குனிந்து, கால் கட்டைவிரல் முனையருகே சுட்டுவிரலை இறக்கி, அது முதலில் தொடும் கல்லை எடுக்கிறார். பார்த்து எடுத்தால் கை தானாகப் பெரிய கல்லை நாடிவிடும் என்பதால்தான் இந்தக் கட்டுப்பாடு. நீளம், அகலம், தடிமன் என்ற மூன்றில் குறிக்கப்படுவது நடு அளவாகிய அகலம். சல்லடைக் கண்ணுக்குள் ஒரு கல் நுழையுமா என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது அதுவே. 2 மில்லிமீட்டருக்குக் குறைந்தவற்றை மணல் அல்லது வண்டல் என்று எழுதிவிட்டு நகரலாம். இப்படி 100 கற்கள் சேர்ந்ததும் சிறியதிலிருந்து பெரியதாக வரிசைப்படுத்தினால், நடுவில் நிற்பது படுகையின் இடைநிலைக் கல்லளவு.

அந்த எண்ணோடு ஓடையின் சரிவையும் வெள்ளத்தின் ஆழத்தையும் சேர்த்தால், எந்த வெள்ளத்தில் படுகை உருளத் தொடங்கும் என்று கணிக்கலாம். கூரையும் சாலையும் மூடிய நிலத்தில் மழைநீர் மண்ணுக்குள் இறங்காமல் ஒருசேரப் பாய்ந்து வருவதால், நகர ஓடைக்கு இந்தக் கணிப்பு இன்றியமையாதது. கட்டுமான இடங்களின் வண்டல் கற்களின் இடுக்குகளை அடைத்துவிட்டால், அங்கே ஒண்டி, வயிற்றோரச் செவுள்களால் மூச்சுவிடும் மேஃப்ளை இளம்பூச்சிகள் மறைகின்றன. ஆக்சிஜன் குறைந்த சேற்றிலும் ஹீமோகுளோபின் துணையுடன் பிழைக்கும் சிவப்புப் புழுக்கள் பெருகுகின்றன.

கரையில் மரம் நடவும் கல் பதிக்கவும் எளிதாகக் கிடைக்கும் பணம் அளவெடுக்கும் வேலைக்குக் கிடைப்பதில்லை என்பது என் ஆதங்கம். வெள்ளத்தின் வேகத்தைத் தணிக்காமல் சரளையைக் கொட்டினால் அடுத்த பெருமழை அதை வாரிச் சென்றுவிடும். எந்த அளவுக் கல் அங்கே தங்கும் என்பதை ஒரு பொழுது கல் எண்ணியிருந்தாலே மதிப்பிட்டிருக்கலாம். சீரமைப்பு முடிந்த பிறகும் அதே இடத்தில், அதே பருவத்தில் மீண்டும் எண்ணினால்தான் வண்டலின் பங்கு உண்மையில் குறைந்ததா என்பது தெரியவரும்.