இயங்குதளக்காரரே போட்டியாளராகும்போது: செயலி உருவாக்குவோர் கவனத்திற்கு

சிறிய செயலி நிறுவனங்களுக்கு ஆலோசனை சொல்வது என் தொழில். இயங்குதளத்தின் புதிய பதிப்பு தங்கள் செயலியின் வேலையை இலவசமாகவே செய்யத் தொடங்கிவிட்டது என்ற செய்தியோடு, இந்த ஆண்டில் மட்டும் மூன்றாவது குழு என்னிடம் வந்திருக்கிறது. "எங்களுடையதில் வசதிகள் அதிகம், பயனர்கள் எங்கும் போகமாட்டார்கள்" என்று மூன்று குழுவினரும் ஒரே குரலில் சொன்னார்கள்.

தயவுசெய்து இந்த நம்பிக்கையை விட்டுவிடுங்கள். தரத்தை ஒப்பிட்டுப் பார்க்கும் இடத்திற்கே பெரும்பாலான பயனர்கள் வருவதில்லை. கருவியை வாங்கும்போதே உள்ளே இருப்பது போதுமானதாக இருந்தால், அவர்கள் செயலிக் கடையில் வேறொன்றைத் தேடுவதே இல்லை. இணையத் தகவல்களைத் தேடித் தரும் மேக் கணினிச் செயலியான, கரேலியா நிறுவனத்தின் வாட்சன் தரம் குறைந்ததா என்ன? 2002-இல் அதற்கு வடிவமைப்பு விருது கொடுத்த ஆப்பிளே, அதே ஆண்டில் ஏறக்குறைய அதே வேலையைச் செய்யும் ஷெர்லாக் 3-ஐத் தன் இயங்குதளத்தோடு சேர்த்து வழங்கியது. 'ஷெர்லாக் செய்துவிட்டார்கள்' என்று எங்கள் துறையில் இன்றும் புழங்கும் வழக்கு அப்போது வந்ததுதான்.

அனுமதியும் இயங்குதளக்காரர் கையில்தான் இருக்கிறது. இரவில் திரையின் நீல ஒளியைக் குறைக்கும் எஃப்.லக்ஸை ஐபோனில் கடைக்கு வெளியே நிறுவும் வழியை 2015 இறுதியில் ஆப்பிள் தடுத்தது. சில மாதங்களில், 2016 மார்ச்சில், அதே வேலையைச் செய்யும் ஆப்பிளின் நைட் ஷிஃப்ட், ஐபோன் இயங்குதளமான ஐஓஎஸ் 9.3-இன் பகுதியாக வந்தது. சட்டம் காக்கும் என்போர் ஸ்பாட்டிஃபையைப் பார்க்கட்டும். 2019-இல் ஆப்பிள் மீது அந்த இசைச் செயலி நிறுவனம் கொடுத்த புகாருக்கு ஐரோப்பிய ஆணையம் ஆப்பிளுக்கு 180 கோடி யூரோவுக்கு மேல் அபராதம் விதித்தது 2024 மார்ச்சில். ஐந்து ஆண்டு காத்திருக்க உங்களிடம் பணம் இருக்கிறதா?

இயங்குதளத்தின் அமைப்புகள் பக்கத்தில் ஒரே பொத்தானாக அடங்கிவிடக்கூடிய வசதியை முழு வணிகமாக்காதீர்கள். குறிப்பிட்ட தொழிலின் நுணுக்கம் தெரிந்தால்தான் செய்ய முடிகிற வேலையைத் தேர்ந்தெடுங்கள். பொதுப் பயனருக்காகத் திட்டமிடும் பெருநிறுவனம் அந்த அளவுக்கு இறங்கி வருவது அரிது. ஒரே தளத்தை நம்பியிருக்காதீர்கள். வாடிக்கையாளர்களின் ஒப்புதலோடு அவர்களுடன் நேரடித் தொடர்பு வைத்திருங்கள். ஆப்பிள் இயங்குதளத்தின் ஜூன் மாதச் சோதனைப் பதிப்பை வெளியான அன்றே நிறுவிப் பாருங்கள், ஏனெனில் அது செப்டம்பரில் எல்லோர் கைக்கும் போய்விடும். வீட்டு நகையை அடகு வைத்து முதல் போட எண்ணுகிறவர்கள், வைப்பதற்கு முன்பே ஒருமுறை யாரிடமாவது ஆலோசனை கேளுங்கள்.