நன்னடத்தைக் கடிதம்: கண்டதை எழுதுங்கள்

‘நேர்மையானவர், கடின உழைப்பாளி, எல்லோரிடமும் இன்முகத்துடன் பழகுபவர்.’ வேலைக்கு ஆள் எடுக்கும் பிரிவில் இருக்கும் எனக்கு இந்த வரி மனப்பாடம். வேலை தேடுபவரைத் தெரிந்தவர்கள் எழுதித் தரும் நன்னடத்தைக் கடிதங்களில் பெயரும் கையெழுத்தும் மாறும், வரி மாறாது. எழுதிக் கொடுப்பவர்கள் நல்ல மனத்தோடுதான் கொடுக்கிறார்கள். வேலை தேடுபவருக்கு அதனால் ஒரு பயனும் இல்லை என்பதுதான் என் வருத்தம்.

ஒருமுறை ஓர் இளைஞரின் விண்ணப்பத்தோடு ஒரு கடைக்காரரின் கடிதம் வந்தது. சில வரிகள்தான், அதிலும் எழுத்துப் பிழைகள். ‘இவர் என் கடையில் இரண்டு வருடம் கல்லாவில் இருந்தார். ஒருநாள் இரவு கணக்கைவிடப் பணம் கூடுதலாக இருந்தது. எனக்குத் தெரியாது. இவரே ரசீதுகளைப் புரட்டி, யாருக்கு மீதி குறைத்துக் கொடுத்தோம் என்று கண்டுபிடித்து, காலையில் அவர் வீட்டுக்கே போய்க் கொடுத்துவிட்டு வந்தார்.’ நேர்மை என்ற சொல்லே அதில் இல்லை. பணம் கையாளும் பணிக்கு அவரைத் தேர்ந்தெடுத்தபோது நாங்கள் திரும்பத் திரும்பப் பேசியது அந்தக் கடிதத்தைப் பற்றித்தான்.

பழைய நிறுவனம் தரும் அனுபவச் சான்றிதழ், பதவியையும் தேதிகளையும் சொல்லிவிடும். ஆள் எப்படிப்பட்டவர் என்று சொல்ல வேண்டியது உங்கள் கடிதம். எத்தனை வருடமாக, எந்த வகையில் பழக்கம் என்று முதலில் எழுதுங்கள். உறவினர் என்றால் எழுதாமல் இருப்பதே நல்லது. என்ன வேலைக்குப் போகிறார் என்று கேட்டுக்கொண்டு, அதற்குப் பொருந்தும் ஒரு நிகழ்ச்சியை, நீங்களே கண்ணால் பார்த்ததை எழுதுங்கள். ஒரு பக்கம் தாண்ட வேண்டாம். அவருடைய உடல்நிலை, குடும்ப நிலவரம், மத நம்பிக்கை எதுவும் அதில் வரக்கூடாது.

‘நீயே எழுதிக்கொண்டு வா, கையெழுத்துப் போடுகிறேன்’ என்பவர்கள் பலர். அப்படி வந்த ஒரு கடிதத்தைச் சரிபார்க்கத் தொலைபேசியில் அழைத்தேன். மறுமுனையில், ‘எந்தத் தம்பி? பெயரை இன்னொரு தடவை சொல்லுங்கள்’ என்றார். அந்தத் தம்பி திறமைசாலியாகவே இருந்திருக்கலாம். அவர் விண்ணப்பத்தின் மீதிருந்த நம்பிக்கை அந்த நொடியில் போய்விட்டது.

பெண்களுக்கு எழுதும்போது இன்னொரு கவனமும் தேவை. 2003-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, அமெரிக்க மருத்துவக் கல்லூரி ஒன்றில் ஆசிரியர் பணிக்கு எழுதப்பட்ட 300-க்கும் மேற்பட்ட பரிந்துரைக் கடிதங்களை அலசியது. பெண்களுக்கான கடிதங்கள் சராசரியில் சிறியவையாக இருந்தன. சந்தேகத்தைக் கிளப்பும் வரிகளும் அவற்றில் அதிகம். அவை எல்லாம் வேலை கிடைத்தவர்களுக்கு எழுதப்பட்ட கடிதங்கள். அவர்களுக்கே இந்த நிலை! எழுதி முடித்ததும், பெண்ணின் பெயர் இருக்கும் இடத்தில் ஓர் ஆணின் பெயரை வைத்துப் படித்துப் பாருங்கள். உறுத்தும் வரியை மாற்றிவிடுங்கள்.

மனம் ஒப்பவில்லை என்றால் முடியாது என்று சொல்லிவிடுங்கள். இழுத்தடித்துக் கடைசி நாளில் ஒப்புக்கு நாலு வரி எழுதித் தருவதைவிட அது நல்லது. வேறு ஒருவரைக் கேட்க அவருக்கு நேரம் கிடைக்கும். எழுதுவதாக இருந்தால், அடியில் தேதியோடு உங்கள் தொலைபேசி எண்ணையும் போடுங்கள். நாங்கள் அழைப்போம்.